செம்பியின் கயிறு

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கித்தா என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்து நிழலில் பிறந்து, இப்போது ஈப்போவிலோ பீடோரிலோ வரிசை வீடுகளில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை எங்கே வைத்தோம், மாத்திரையை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்காக. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. படிவம் மூன்றோடு படிப்பு நின்றுபோனது. ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்புகள் நம்மிடம் ஒன்றும் கேட்காது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அப்படிப்பட்ட நான் போன மாதம் ஓர் ஓவியக்கூடத்துக்குப் போனேன். என் மகள் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பெயர் பதிந்துவிட்டு, கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது என்று கழன்றுகொண்டாள். எனக்குத் தனியாகப் போகக் கூச்சம். படத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன்.

"ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தான்மா அது. மொத தடவை வர்றவங்களுக்குன்னே போட்டிருக்காங்க. உங்களுக்காக வச்ச மாதிரியே இருக்கு லா" என்று சிரித்தாள்.

ஈப்போ பழைய டவுனில் ஒரு கடை வீட்டின் மாடி. மரப்படிகள் ஒவ்வொன்றும் நான் வருவதை ஊருக்கே சொல்லின. உள்ளே குளிரூட்டியின் குளிர், புதுச் சாயத்தின் வாசனை. சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. மலாயில் பேசினாள். முதலில் படங்களைப் பார்ப்போம், பிறகு கீழே போய் நாமே கையால் ஏதாவது செய்து பார்ப்போம், அடுத்த சனிக்கிழமையும் ஒரு வகுப்பு இருக்கிறது என்றாள். சரி, தப்பு என்று எதுவும் கிடையாது, பார்த்ததும் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றாள். இதற்கு முன் ஓவியக்கூடத்துக்கு வந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

ஆனால் நான் வந்திருந்தேன். நாலாம் வகுப்புப் படிக்கும்போது, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு, பள்ளிக்கூட பஸ்ஸில்.

*

பீடோருக்கு உள்ளே இருந்தது எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்த வருடத்து மழைக்காலம் எனக்கு மாட்டுச் சாண வாசனையோடுதான் நினைவுக்கு வருகிறது. மழை பெய்தால் பாலுக்கு மரம் வெட்ட முடியாது. ஆண்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் குந்தியிருப்பார்கள். ஒட்டுப்பாலின் வாடையும் விறகுப் புகையும் சாண வாசனையும் சேர்ந்து எங்கள் துணியிலேயே குடியிருக்கும். பள்ளிக்கூடத்தில் டவுன் பிள்ளைகள் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பார்கள்.

எங்களிடம் செம்பி என்று ஒரு பசு இருந்தது. அப்பா அதை வாங்கப் போனபோது என்னையும் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். போகும்போதே கையில் ஒரு கயிறு வைத்திருந்தார். உரச்சாக்கைக் கீறி அவரே திரித்தது. நடுவில் என் பழைய சிவப்புப் பாவாடைக் கிழிசலையும் சேர்த்து முறுக்கியிருந்தார். மாட்டுக்காரர் தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா எங்கள் கயிற்றைக் கட்டினார். மாடு ஒரு கணம் கயிறே இல்லாமல் நின்றது. ஓடிவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஏன் அந்த ஆள் கயிற்றோடு கொடுக்கவில்லை என்று வழியில் கேட்டேன்.

"மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்கக் கூடாதும்மா. கயிறும் போச்சுன்னா வீட்டு லெச்சுமியும் பின்னாலயே போயிருவா. வாங்கறவன்தான் கயிறு கொண்டு போவணும்" என்றார் அப்பா.

உங்களில் மாடு வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பிக்கு என் மேல் தனிப் பிரியம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளிவிட்டு வந்ததும் நான் மனிதர்களிடம் பேசாததையெல்லாம் அதனிடம் பேசுவேன். அது என் புறங்கையை நக்கும். அரத்தால் ராவியது போல இருக்கும். அந்த இடத்தில் உப்பு வாசனை வெகு நேரம் நிற்கும்.

அந்த மழைக்காலத்தில்தான் ஆபீசிலிருந்து சேதி வந்தது. பழைய மரங்களைத் தள்ளிவிட்டுப் புது நடவு போடப்போகிறார்கள். கன்றுகளை மாடு மேய்ந்துவிடும். ஆகையால் லயத்தில் ஒரு மாடும் இருக்கக் கூடாது. கங்காணி வாசல் வாசலாக நின்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். யாரும் விற்பதில்லை, கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று முடிவானதாக அப்பா வந்து சொன்னார்.

நான் நம்பவில்லை. கொட்டகையில் போய்ச் செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. அப்பா வந்தார். மழையில் நனைந்த கையை என் உச்சந்தலையில் வைத்தார்.

"செம்பிய விக்க மாட்டேன். உன் தல மேல சத்தியம். போதுமா?"

அடுப்படியிலிருந்து அம்மா கத்தியது இன்றும் கேட்கிறது. "புள்ள தல மேலயெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க. நாக்க அடக்கிப் பேசுங்க."

சத்தியம் தவறினால் அது விடியும் இடம் எது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை வைத்த தலையின் மேல்தான் விடியும். அம்மாவுக்கு அந்தப் பயம். எனக்கோ அதுதான் நிம்மதி. என் தலையைப் பணயம் வைத்து அப்பா பொய் சொல்வாரா? அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

*

எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு அந்த வருடம் ஒரு டீச்சர் வந்திருந்தார். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவர். வேதக்காரப் பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை தொங்கும். தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணியின் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். தைப்பிங் மழைக்கு இது தூறல் என்று சொல்லிக் குடையில்லாமலே நடப்பார். லயத்துப் பெண்களுக்கு அது திமிராகப் பட்டது. எங்களுக்கு அது வீரம்.

காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லித்தருவார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் தாள். மெழுகு வண்ணக் குச்சிகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருப்பார். மூடியைத் திறந்ததும் வரும் வாசனைக்காகவே நான் முதல் வரிசையில் உட்காருவேன். வீட்டில் வாயே திறக்காதவள் டீச்சரிடம் மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவேன். அவர் எனக்குக் காவி நிறக் குச்சியைத் தனியாகக் கொடுத்து வைத்திருந்தார். உன் மாட்டுக்கு வேண்டும் என்று தெரியும் என்பார்.

ஒரு சனிக்கிழமை எங்களை ஈப்போவுக்குக் கூட்டிப்போய்ப் படங்கள் காட்டப்போவதாகச் சொன்னார். வீடு வீடாக வந்து பெற்றோரிடம் கேட்டார். வழக்கமாக ஒரு திருவிழாவுக்கு அனுப்பவே ஆயிரம் யோசனை செய்யும் லயம், அந்த முறை உடனே தலையாட்டியது. கிராணி பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தார். அம்மா எனக்கு எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பஸ் வளைவில் மறையும்வரை நின்று கையசைத்தாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அது ஒரு பெரிய பழைய கட்டடம். உயரமான கதவுகள். மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. படங்களைக் காட்டிய பெரியவர் மலாயில் சொல்ல, டீச்சர் தமிழில் சொன்னார். தொடக்கூடாது என்றதும் எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்கிற மாதிரி நின்றோம். ஒரு படத்தில் வயலும் எருமையும். எங்களில் ஒருவன் எருமையை வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டீச்சர், இதயும் கம்பெனி வெரட்டுமா?"

எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். இந்த மாட்டை யாரும் விரட்ட முடியாது, சட்டத்துக்குள்ளே பத்திரமாக இருக்கிறது என்றார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் பிறகு பெரிய மேசைகளில் எங்களை உட்காரவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு படம் வரையச் சொன்னபோது, நான் செம்பியை வரைந்து சுற்றிலும் தடித்த கோட்டில் ஒரு சட்டம் போட்டேன். உண்மையான வெள்ளைத் தாள் அது. விரலுக்கு வழுவழுப்பாக இருந்தது. காவி நிறத்தை அழுத்தி அழுத்திப் பூசினேன். கழுத்துக் கயிற்றில் ஒரு சிவப்புக் கோடும் போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் பாட, நாங்கள் பாடினோம். அந்தத் தாளை நான் சுருட்டவில்லை. கசங்கிவிடும் என்று மடியில் விரித்தே வைத்திருந்தேன்.

*

கொட்டகை காலியாக இருந்தது. எங்கள் கொட்டகை மட்டுமல்ல, வரிசையாக எல்லாக் கொட்டகைகளும். சாணம் இன்னும் ஈரமாகக் கிடந்தது. ஈக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றின.

கம்பெனி லோரி வந்தது, காவல்காரர்கள் அவிழ்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு அத்தையும் அதையே சொன்னாள். எதிர் வரிசைப் பெரியப்பாவும் அதையே சொன்னார். ஒரே சொற்கள். குழாயடியில் தண்ணீர் முறைக்குக்கூட ஒத்துப்போகாத லயம் அது. அன்றைக்கு ஒரே வாயாகப் பேசியது. அதை யோசிக்கிற வயதா எனக்கு?

பிள்ளைகள் கத்துவார்கள், மாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்றுதான் டீச்சரை வைத்து ஆபீஸ்காரர்கள் எங்களை அப்புறப்படுத்தினார்களாம். பஸ் ஆபீஸ் ஏற்பாடுதானே? டீச்சர் கிராணி வீட்டில்தானே இருக்கிறாள்? அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்துபோனது. நான் வரைந்த படத்தை அம்மா என் கையிலிருந்து வாங்கினாள். அந்த டீச்சர் கூட்டிப்போன இடத்தில் வரைந்தது நமக்கு வேண்டாம் என்று அடுப்பில் வைத்தாள். மெழுகு நிறம் உருகி, சட்டம் முதலில் போயிற்று. அப்பா தடுக்கவில்லை. பால் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அன்று காலையிலும் அவர் அதைத் தீட்டியிருந்தார்.

திங்கட்கிழமை யாரும் வகுப்புக்குப் போகவில்லை. காலியான மண்டபத்தில் காத்திருந்துவிட்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"புள்ளைங்கள டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி, மாட்ட ஓட்டிட்டுப் போவ வழி விட்டவ நீதானே?" என்றாள் அம்மா.

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். பிறகு கொட்டகையைப் பார்த்தார்.

"மாடா? எந்த மாடு, அக்கா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவளின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். என்னைப் பெயர் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டார். அம்மா கீழ்க்கதவைச் சாத்தினாள்.

பள்ளி விடுமுறைக்குள் டீச்சர் போய்விட்டார். பிஸ்கட் தகரத்தை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் யாரோ ஆணி போட்டு வைத்தார்கள்.

இரண்டு விஷயங்கள் சொல்ல விட்டுப்போயிற்று. ஒன்று, சில நாள் கழித்து எங்கள் வீட்டு உள்கதவின் பின்னால், அப்பாவின் தலைவிளக்குத் தொங்கும் ஆணியில் செம்பியின் கயிற்றைப் பார்த்தேன். சிவப்புத் துணியோடு. எப்படி வந்தது என்று கேட்கவே தோன்றவில்லை. அது கிடைத்ததே போதும் என்றிருந்தது. யாரும் இல்லாதபோது முகர்ந்து பார்ப்பேன்.

இன்னொன்று, அடுத்த மாதமே அம்மா என்னைக் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்தாள். காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டதாம். எனக்கு எந்தக் காய்ச்சலும் ஞாபகம் இல்லை. முதல் சடை விழுந்ததும் அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். இடுப்புவரை வளர்ந்த முடி போகிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன். பள்ளியில் பையன்கள் என்னைக் 'கெலாப்பா' என்றார்கள். மலாயில் தேங்காய். வருடம் முடியும்வரை அதுதான் என் பெயர்.

*

ஓவியக்கூடத்தில் படங்களைப் பார்த்து முடித்துக் கீழே இறங்கினோம். ஆளுக்கொரு மேலங்கி கொடுத்தார்கள். மேசையில் தாள், கிண்ணங்களில் சாயம், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கயிறு. தூரிகை பிடிக்கப் பயப்படுகிறவர்களுக்கு இதுதான் எளிது என்றாள் அந்தப் பெண். கயிற்றைச் சாயத்தில் முக்கி, தாளின் ஒரு பாதியில் வளைத்து வைத்து, மறுபாதியை மேலே மடித்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். கயிறு வெளியே வந்துவிடும். உள்ளே படம் விழுந்திருக்கும்.

கிண்ணத்தில் என் பங்குக்குக் காவி நிறம் வந்தது. நான் கேட்கவில்லை. அழுத்திக்கொண்டு இழுத்தேன். முதலில் கயிறு வர மறுத்தது. பிறகு எதிர்ப்பக்கம் யாரோ விட்டுவிட்டது போலச் சட்டென்று வந்துவிட்டது. நுனி என் கையில் தொங்கியது.

நான் தாளைப் பிரிக்கவில்லை. என் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடித்துக்கொண்டு போகிறவன் கயிற்றோடுதான் இழுத்துப்போவான். அவிழ்த்து வீட்டுக்காரன் கையில் கொடுத்துவிட்டு, தன் கயிற்றைக் கட்டிக்கொண்டு போக மாட்டான். விற்றால்தான் கயிறு வீட்டில் இருக்கும். சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நானே கேட்டுத் தெரிந்துகொண்டது. இத்தனை வருடம் அந்தக் கயிறு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இப்போதைய எங்கள் வீட்டுப் பின்னறையில், அப்பாவின் படத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போகிறேன்.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து, அழகாக வந்திருக்கும், பிரித்துப் பாருங்கள் ஆன்ட்டி என்றாள். அடுத்த சனிக்கிழமை வீட்டிலிருந்து உங்கள் சொந்தக் கயிறு ஏதாவது கொண்டுவாருங்கள் என்றும் சொன்னாள்.

*

வீட்டுக்கு வந்தபோது அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து பயற்றங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னோடுதான் இருக்கிறாள். முட்டிதான் மடங்காது. காதும் ஞாபகமும் என்னைவிடத் தெளிவு.

"அம்மா, செம்பிய யாருக்கு வித்தீங்க?"

கை நின்றது. "யாரு சொன்னா?" என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டாள்.

கயிறுதான் சொன்னது என்றேன். அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு கதை கேட்பவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். ஆபீசுக்கு எதிராக நிற்பது ஆகிற காரியமில்லை என்று ஆண்களுக்குப் புரிந்துவிட்டதாம். டீச்சர் வந்து, சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப்போகட்டுமா என்று கேட்டதும், அன்றைக்கே மாட்டு வியாபாரியை வரச்சொல்லிவிட்டார்களாம். எல்லா வீட்டுக்கும் ஒரே லோரி. என்ன சொல்வது என்று குழாயடியில் வைத்துப் பேசி முடித்தார்களாம்.

"உங்கப்பா உன் தல மேல சத்தியம் பண்ணித் தொலச்சிட்டாரு. வித்துட்டோம்னு எப்புடி உன்கிட்ட சொல்றது? கம்பெனி புடிச்சிட்டுப் போச்சுன்னா சத்தியம் நிக்கும்ல."

"அப்புறம் எதுக்கு எனக்கு மொட்ட?"

அம்மா என்னை வினோதமாகப் பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்கிற பார்வை.

"சாமிக்குத் தெரியுமே" என்றாள்.

டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியாக, டீச்சருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"அதுக்கு என்ன தெரியும், பாவம். வெளியூர்ப் பொண்ணு. எப்புடியும் போயிருக்கும்" என்று சொல்லி அடுத்த பயற்றங்காயை எடுத்தாள்.

இத்தனைக்கும் டீச்சர் முகத்துக்கு எதிரே கீழ்க்கதவைச் சாத்தியது அந்தக் கைதான். எல்லாம் தெரிந்துகொண்டேதான் வழி விட்டவ நீதானே என்று டீச்சரைக் கேட்டிருக்கிறாள். மாடு போனதை இப்போது நினைத்தால்கூட எனக்குப் புரிகிறது. எந்த வீட்டில்தான் மாடு மிஞ்சியது? ஆனால் நான் வாய் திறந்து பேசிய ஒரே மனுஷியை என் கண் முன்னாலேயே திருடியாக்கிவிட்டு, இரவில் எனக்குச் சோறும் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை. பிறவியிலேயே கூச்ச சுபாவம் என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லுவாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பின்னறைக்குப் போய் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். சிவப்புத் துணி வெளுத்து ஈறு நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தூசி வாசனைதான். பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்துவிட்டாள்.

"அத வெளிய கொண்டு போவக் கூடாதும்மா. வீட்டுக்கு ஆவாது."

நான் செருப்பை மாட்டினேன்.

"திருப்பிக் கொண்டாந்துருவேன்னு சத்தியமாவது பண்ணிட்டுப் போ" என்று கையை நீட்டினாள். என் தலையை எட்டும் தூரம்தான்.

நான் குனியவில்லை. கேட்டைத் திறந்து வெளியே போய், வழக்கம்போல அவளுக்காக உள்பக்கம் கைவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன்.